ஏழு சோடிச் சப்பாத்தும் எட்டாவது சோடியும்

எதையும் எண்ணிப் பார்க்கிறவனை யாராலும் ஏமாற்ற முடியாது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அரச திணைக்களம் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மண்வெட்டி, வாளி, சிமெந்துப் பை என்று ஆயுள் முழுக்க எண்ணியதால், ஓய்வுக்குப் பிறகும் விரல் நிற்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போனால் மின்விசிறியை எண்ணுவேன், அதில் ஓடாதவற்றைத் தனியாக எண்ணுவேன். கல்யாண வீட்டில், கூடியிருந்து சாப்பிடுகிற சோற்றுச் சஹன் தட்டுகளை எண்ணாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி ஸுபைதா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள்: "இவர் மௌத்தானாலும், கபுறுக்கு மேல வைக்கிற பலகைய எண்ணிட்டுத்தான் கண்ண மூடுவார்."

அப்படிப்பட்ட நான்தான் ஒரு வாசலில் கிடந்த ஏழு சோடிச் சப்பாத்தைப் பிழையில்லாமல் எண்ணி முடித்துவிட்டு, உடனேயே என் வாழ்நாளின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன்.

எங்கள் கிழக்குக் கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். நாளை முதல் நம் கிணற்றடியில் பல் விளக்கப்போகிறவர், நம் கதிரையில் உட்காரப்போகிறவர், நாம் இருமினால் முகம் சுளிக்கிறவரா சுளிக்காதவரா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அதனால் பேச்சு வந்ததும் பெண் பக்கத்தார் விசாரணையில் இறங்குவார்கள். ஊரில் நாலு பேரிடம் கேட்பது ஒரு வழி. இன்னொரு வழி, யாரென்று சொல்லாமல் மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்துக்கே போய் ஆளை நேரில் பார்த்துவிட்டு வருவது. கடைக்காரன் என்றால் ஒரு கிலோ சீனி வாங்கிப் பார்க்கலாம். வாத்தியார் என்றால் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நின்று குரலைக் கேட்கலாம். என் கடைசி மகள் ஸஹ்லாவுக்கு வந்த மாப்பிள்ளை, பொத்துவில் பையன் றிஸ்வான், திருகோணமலையில் ஒரு போர் வரலாற்று நூதனசாலையில் உத்தியோகம் பார்த்தார். அங்கே போய் எதை வாங்கிப் பார்ப்பது?

ஸஹ்லாவுக்கு அதற்கு முன் மூன்று பேச்சு வந்து, மூன்றையும் நானே கலைத்திருந்தேன். ஒருவர் நடக்கும்போது காலை இழுத்தார், ஒருவர் சோற்றை அளைந்தார், ஒருவருக்கு என்ன குறை என்று இப்போது ஞாபகமில்லை. (குறை இருந்தது. அது மட்டும் நிச்சயம்.) றிஸ்வானின் படம் வந்தபோது ஸஹ்லா அதை ஒரு தரம்தான் பார்த்தாள். ஆனால் படம் மேசையிலிருந்து அவளுடைய குர்ஆன் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போய்விட்டது. நான் புறப்படுகிற காலையில் என் கையில் தண்ணீர்ப் போத்தலைத் தந்தபடி மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா, கோளாறு தேடிப் போகாதீங்க. தானாக் கண்டா மட்டும் வந்து சொல்லுங்க."

அதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை எப்படிச் சொல்வாள்? இந்த முறை நான் பிழை விட்டால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள் என்று விளங்கியது.

ஸுபைதாவோ மூன்று கேள்விக்கு விடை கொண்டு வரச் சொன்னாள். கோபக்காரனா, சிகரெட் பற்றுவானா, தொழுவானா. அவளுடைய தம்பி உவைஸ், அதாவது என் மச்சான், தன் காரில் என்னைக் கூட்டிப்போனார். உளவு வேலைக்குத் தோதான உடுப்பு வேண்டும் என்று, கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் தந்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஆபத்து வந்தால் இருமிக் காட்டுவது என்று மச்சானோடு பேசிக்கொண்டோம். மச்சான் பத்து வருஷமாக இருமிக்கொண்டிருக்கிற மனிதர் என்பது வாழைச்சேனை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நூதனசாலை ஒரு மேட்டில், துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. ஒல்லாந்தர் கட்டிய கீழ்த்தளத்துக்கு மேல் வெள்ளைக்காரன் பலகைத் தளம் போட்டு மாடி எழுப்பியிருந்தான். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. முகப்பில் பதினாலு யன்னல். இரண்டுக்குக் கொளுக்கி இல்லை. முற்றத்தில் நாலு பீரங்கி. மச்சான் முதலாவது பீரங்கியின் நிழலில் காவலாளியோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். நான் உள்ளே போனேன்.

றிஸ்வான் படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் மெலிவு. சிரித்த முகம்.

"வாங்க ஹாஜியார். எந்த ஊர்?"

(நான் ஹஜ்ஜுக்குப் போனவனல்ல. எங்கள் பக்கத்தில் தாடி நரைத்தால் எல்லோரும் ஹாஜியார்தான்.)

"மருதமுனை," என்றேன். எங்கள் ஊர் கல்முனை என்று சொன்னால் பிடிபட்டுவிடுவேனாம்.

"வியாபாரமா?"

"ஓம். கைத்தறிச் சாரன்."

"நல்லம். எங்கட வாப்பாட ஊரும் மருதமுனதான். என்ன நம்பர் நூல்ல நெய்விக்கிறீங்க?"

நூலுக்கு நம்பர் இருக்கிறதென்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எல்லா நம்பர்லயும்தான் தம்பி. உடுக்கிற ஆள்ற தேகத்தப் பாத்து," என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம், அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு என்னை முதல் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். நான் தப்பிவிட்டதாக நினைத்தேன்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் துப்பாக்கிகள், தொப்பிகள், துருப்பிடித்த தண்ணீர்க் குடுவைகள். யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை றிஸ்வான் அழகாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. முதலாவது கேள்வியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கோபம் வருகிறதா என்று பார்க்க, வளைந்து கிடந்த ஓர் இரும்புத் தகட்டைக் காட்டி, "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். விழுந்த விமானத்தின் இறக்கைத் துண்டு என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்து, "இது என்ன தம்பி?" என்றேன். இப்படி ஐந்து தரம். ஐந்து தரமும் முதல் தரம் சொல்வதுபோலவே சொன்னார். ஐந்தாவது தரம் ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டார்.

இரண்டாவது கேள்விக்கு, யன்னலால் தெரிந்த முற்றத்துப் பீரங்கி உதவியது.

"இந்தப் பீரங்கிப் புகை தேகத்துக்குக் கூடாதுதானே தம்பி?"

"ஓம் ஹாஜியார். காதும் போகும்."

"சிகரெட் புகையும் அப்பிடித்தான். நீங்க பத்துறயா?"

"இல்ல ஹாஜியார்."

எவ்வளவு நுட்பமாகக் கேட்டுவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது கேள்விக்கு அல்லாஹ்வே வழி விட்டான். தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து ளுஹர் பாங்கு கேட்டது. "கொஞ்சம் பாத்துட்டு இருங்க ஹாஜியார், இந்தா வந்திர்றன்," என்று சொல்லிவிட்டு றிஸ்வான் படிக்கட்டுப் பக்கம் போனார். தொழத்தான் போகிறாரா, அல்லது பின்பக்கம் போய்ப் புகைக்கிறாரா? (பற்றுவதில்லை என்று அவர் சொன்னது அவருடைய வாக்குமூலம். ஸ்டோர் கீப்பர் வாக்குமூலத்தை எடுப்பதில்லை, சாமானைத்தான் எண்ணுவான்.) நான் சற்றுப் பொறுத்துப் பின்னாலேயே போனேன். படிக்கட்டு மேலேயும் போனது, கீழேயும் போனது. நான் மேலே போனேன்.

மாடி நடைபாதையின் முடிவில் ஓர் அறை. வாசலில் வரிசையாக ஏழு சோடிக் கறுப்புச் சப்பாத்து.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏழு பேர் ஜமாஅத்தாகத் தொழுகிறார்கள், அதில் ஒருவர் நம் மாப்பிள்ளை. ஸஹ்லாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. நானும் போய்ச் சேர்ந்துகொள்வோம் என்று என் செருப்பைக் கழற்றி, வரிசை குலையாமல் எட்டாவது சோடியாக வைத்தேன். வாசலுக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தது. ஆடு ஏறாமலிருக்கக் கட்டியிருப்பார்கள் என்று தாண்டினேன். (மாடிக்கு எந்த ஆடு வரும் என்று மனைவி பிறகு கேட்டாள்.) பக்கத்தில் மும்மொழியிலும் எழுதிய பலகை ஒன்று இருந்ததாம். கறுப்புக் கண்ணாடிக்கு அது தெரியவில்லை.

உள்ளே ஒருவரும் இல்லை.

வாசலில் ஏழு சோடிச் சப்பாத்து, உள்ளே பூச்சியம் ஆள். புத்தியுள்ளவன் அந்த இடத்தில் யோசிப்பான். எனக்கு எண்ணத் தெரிந்தது, கழிக்கத் தெரியவில்லை. அவசரக்காரப் பொடியன்கள், தொழுதுவிட்டு வெறுங்காலோடு மறு வாசலால் போயிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன்.

அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், மடித்து வைத்த சாம்பல் நிறப் போர்வை, ஓர் அரிக்கன் லாம்பு. மூலையில் தாழ்ந்த முக்காலி மேல் வெள்ளைப் பீங்கான் பூச்சுப் பேசின் ஒன்று. எங்கள் வீடுகளில் விருந்தாளிக்குக் கை கழுவ நீட்டுகிற படிக்கம் மாதிரியே இருந்தது. யாரோ புண்ணியவான் வுளு எடுக்க வைத்திருக்கிறார் என்று துஆச் செய்துகொண்டு, ஸஹ்லா தந்த போத்தலைத் திறந்தேன். முகம் (கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டேன்), கை, தலை. கடைசியாகக் காலையும் பேசினுக்கு மேல் தூக்கி நன்றாகக் கழுவினேன். எவ்வளவு ஊற்றியும் பேசினில் தண்ணீர் நிற்கவேயில்லை. 'கீழே குழாய் பூட்டியிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு' என்று மெச்சினேன்.

பிறகு போர்வையை விரித்துத் தொழுகைக்கு நின்றேன். தூரப் பயணி நாலுக்குப் பதிலாக இரண்டு ரக்அத் தொழுதால் போதும். சுருக்கமாக முடித்துவிடலாம் என்று தக்பீர் கட்டிய பிறகுதான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டல்ல. ஒரு வகுப்பு.

"சத்தம் போடாம வரிசையா நில்லுங்கோ," என்றது ஓர் ஆசிரியையின் குரல். "இதுதான் அந்தக் காலத்தில சிப்பாய்மார் தங்கின அறை. சப்பாத்தப் பாருங்கோ. கட்டில், லாம்பு, முகம் கழுவுற பேசின், எல்லாம் அப்பிடியே வச்சிருக்கினம். வெள்ளைக்காரன்ட படையில இந்தியாவில இருந்து வந்த முஸ்லிம் சிப்பாய்மாரும் இருந்தவை. அதக் காட்டத்தான் இந்தப் பொம்மை."

தொழுகையில் நிற்கிறவன் இடையில் விட்டுவிட்டு விளக்கம் சொல்ல முடியாது. நான் அசையாமல் நின்றேன். அசையாமல் நின்றதுதான் பிழையாகிப் போனது.

"டீச்சர், பொம்மைக்கு வேர்க்குது."

"கிட்டப் போகாத."

"டீச்சர், மூக்கில இலையான் இருக்கு."

அந்த ஈ இருந்தது உண்மை. நான் ருகூஉவுக்குக் குனிந்தேன்.

"டீச்சர், குனியுது."

"இப்பத்தைய பொம்மையெல்லாம் கரண்டில வேலை செய்யும்," என்றார் ஆசிரியை. அவர் குரலிலும் இப்போது கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

நான் ஸஜ்தாவில் நெற்றியை வைத்த நேரம் படிக்கட்டில் வேறொரு காலடி விரைந்து வந்தது. தாழ்ந்த கண்ணால் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் துடைத்து மினுக்கிய ஒரு சோடிக் கபிலச் சப்பாத்து, எனக்கு முதுகு காட்டி, பிள்ளைகளை மறைத்தபடி வந்து நின்றது.

"பிள்ளைகள், கொஞ்சம் மெதுவாக் கதைங்க. அவர் தொழுறார். முடியட்டும்."

"அப்ப பொம்மை இல்லையா?"

"இல்ல."

"அப்ப ஆர்?"

றிஸ்வானின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "எனக்கு மாமா முறை வரும். இன்ஷா அல்லாஹ்."

அந்த ஸஜ்தாவிலிருந்து நான் எழும்ப நெடுநேரம் பிடித்தது. எழும்பியபோது எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்பது மறந்துபோயிருந்தது. ஆயுள் முழுக்க எண்ணியவனுக்கு, ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு இன்னுமொன்று தொழுது, மறதிக்காகக் கடைசியில் இரண்டு ஸஜ்தாவும் கூடுதலாகச் செய்ய வேண்டும். செய்தேன். பிள்ளைகள் பொறுமையாக நின்றார்கள். கடைசியில் வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தேன். அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் பதிலுக்கு, "வணக்கம் ஐயா," என்றார்கள்.

இடப்பக்கம் திரும்பியபோது அங்கே நூதனசாலையின் பொறுப்பதிகாரி அம்மா நின்றார். கையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. சேலைத் தலைப்பு நனைந்திருந்தது.

அந்தப் பேசினுக்குக் குழாய் ஏதும் இல்லை. அடியில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. அது போர்க் காலத்திலேயே ஓட்டையானது என்றும், அந்த ஓட்டையோடுதான் அதற்கு மதிப்பு என்றும் பிறகு அறிந்தேன். நான் கழுவிய முகமும் காலும் பலகை இடுக்கு வழியே இறங்கி, நேர் கீழே அவருடைய அலுவலகத்தில், அவருடைய கோப்பைக்குள் விழுந்திருக்கின்றன. அவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் மேலே பார்த்தாராம்.

"யார் தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார். சிங்களம் பேசுகிறவர், ஆனால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் பிழையில்லாமல் எடுத்து வைத்தார். "இது நூறு வருஷத்துக்கு மேலான பலகை. துடைக்கிறதுக்கே ஈரத்துணி பாவிக்கிறதில்லை."

நான் வாயைத் திறப்பதற்கு முன் றிஸ்வான் சொன்னார்: "பிழை என்னில மேடம். தொழுற அறை கீழ பின்பக்கம் இருக்கு எண்டு போர்ட் போடச் சொன்னீங்க. நான் இன்னும் போடல்ல. இவருக்குத் தெரிய நியாயமில்ல."

"இத நான் மேலிடத்துக்கு அறிவிக்க வேணும். உங்களுக்குத்தான் கரைச்சல்."

"ஓம் மேடம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா யார்? எந்த ஊர்?"

நாக்கில் மருதமுனை வந்துவிட்டது. மருதமுனைச் சாரன் வியாபாரி ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போயிருப்பார். கரைச்சல் முழுக்க அந்தப் பையனோடு போயிருக்கும். அவரோ ஏற்கெனவே தன் கைலேஞ்சியை எடுத்து, முழங்காலில் குந்திப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். என் பெயரைச் சொன்னேன். "கல்முனை," என்றேன். "நான் சாரன் வியாபாரி இல்ல. தண்ணி ஊத்தினது நான்தான். இந்தப் புள்ளையில ஒரு பிழையும் இல்ல." சொல்லிவிட்டு என் தோள்துண்டை எடுத்துக்கொண்டு நானும் முழங்காலில் இருந்தேன்.

"கல்முனையில இருந்து எதுக்கு இவ்வளவு ரகசியமா வந்தீங்க?" என்று அம்மா கேட்டார்.

அந்த நேரம் பார்த்து என் மச்சான் இருமிக்கொண்டே மாடியேறி வந்தார். "மச்சான், எவ்வளவு நேரமா இருமுறன், கேக்கல்லயா? இந்தப் பொம்புளயாள் கோவமா மேல ஏறினத்தக் கண்டுதான் இருமினன். மறுகா என்ன, மாப்புளயப் புடிச்சிரிக்கா? பேச்ச முடிச்சிருவமா?"

ஆசிரியை முதலில் சிரித்தார். பிறகு பிள்ளைகள், எதற்கென்று தெரியாமல். பொறுப்பதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னையும், பலகையையும், றிஸ்வானையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்கட அப்பாவும் என்ட புருஷன் வேலை செஞ்ச கந்தோருக்கு இப்பிடித்தான் போனவர்," என்றார். "ஆனா அவர் யாரிட தேத்தண்ணிக்குள்ளயும் கால் கழுவல்ல." கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்தார். "சரி. இப்ப சொல்லுங்க. இவர் பாஸா, ஃபெயிலா?"

முழங்காலில் இருந்தபடி, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு, "பாஸ்," என்றேன்.

"அப்ப போர்ட் செலவு நீங்க. தேத்தண்ணி இன்னொண்டு றிஸ்வான் போடுவார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மேலிடத்துக்கு ஒன்றும் போகவில்லை.

நாங்கள் அறையை விட்டு வெளியே வந்தபோது பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து, பார்த்ததைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தார்கள். ஏழு சோடிச் சப்பாத்து. எட்டாவதாக, வார் அறுந்து ஊசி குத்திய என் செருப்பு. ஒரு பிள்ளை அதன் கீழே 'தளபதியின் பாதணி' என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் சாதாரணப் படையினர் என்பது அதன் கணிப்பு.

படியிறங்கும்போது றிஸ்வானிடம் கேட்டேன், எப்போது பிடிபட்டேன் என்று.

"இஞ்ச வாற ஆக்கள் பீரங்கி எவ்வளவு தூரத்துக்குச் சுடும் எண்டு கேப்பாங்க மாமா," என்றார். ஹாஜியார் போய் மாமா வந்திருந்தது. "சிகரெட் பத்துறயா எண்டு கேட்டது நீங்க மட்டும்தான்."

"அப்ப அதுலதான் புடிபட்டனா?"

"இல்ல, அதுக்கு முன்ன. தேகத்தப் பாத்து நூல் போடுறத்துலயே."

அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முதலே ஸஹ்லா வாசலில் நின்றாள். "கோளாறு இரிக்கி," என்றேன். அவள் முகம் விழுந்தது. "ஆனா அது அவர்ல இல்ல, என்னில," என்றேன். அவள் திரும்பி உள்ளே ஓடினாள். குர்ஆன் மேசை லாச்சி திறக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும், பெண்ணின் தம்பி முறையான ஒருவர் அவருடைய காலைக் கழுவி உள்ளே அழைப்பார். ஸஹ்லாவுக்குக் கூடப் பிறந்த தம்பி இல்லாததால் என் தம்பியின் மகன் படிக்கத்தோடு வந்தான். பந்தல் நிறையச் சனம். (முந்நூற்றுப் பன்னிரண்டு கதிரை, நாலு உடைந்தது.) றிஸ்வான் காலை நீட்டவில்லை. குனிந்து, படிக்கத்தை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகுதான் காலை வைத்தார். விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லச் சொல்ல, சிரிப்பு பந்தலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் லெப்பை துஆ ஓதத் தொடங்கிவிட்டார்.

இப்போது அந்த நூதனசாலை மாடியில், அம்புக்குறியோடு மும்மொழியிலும் ஒரு பலகை நிற்கிறது: 'இது காட்சி அறை. தொழுகை அறை கீழே.' வரலாற்றில் என் பங்கு அவ்வளவுதான். வீட்டில் என் பெயர் எட்டாவது சோடி. எங்காவது போகும்போது, நான்தான் வாகனத்தில் ஆட்களை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் பின் சீட்டிலிருந்து யாராவது ஒருவர், "எட்டாவது சோடி ஏறிட்டா?" என்று கேட்பார்கள்.

மருமகன் வாரக் கடைசியில் திருகோணமலையிலிருந்து வருவார். சாப்பாட்டுக்கு முன் ஸஹ்லா படிக்கத்தை நீட்டுவாள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் அதைத் தூக்கி, அடியைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். அவருடைய மகளுக்கு இன்னும் பேச்சுத் திருந்தவில்லை, ஆனால் வாப்பாவைப் பார்த்து அவளும் அப்படியே செய்கிறாள். போன கிழமை நான் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே படிக்கத்தைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழே வைத்தாள், கவிழ்த்துப் பார்த்தாள், அடியில் விரலால் தட்டினாள்.

"மூத்தாப்பா, ஓட்ட இல்ல," என்றாள். "கால வைங்க."